உயிர் காத்த மாத்திரையும் ஏறும் ரத்த அழுத்தமும்

எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விழுங்கிவந்த ஒருவர் ஐம்பது வயதுக்குள் பக்கவாதத்தில் விழுந்தால், அந்த இழப்பை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் ஏட்டில் அவருடைய சிகிச்சை வெற்றி பெற்றிருக்கும். ரத்தத்தில் கிருமி தென்படவில்லை, எதிர்ப்பு சக்தி போதிய அளவில் இருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது. ரத்த அழுத்த நோயாளிகளின் ஏட்டில் அவர் பெயரே இருக்காது. இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள்.

சிகிச்சை பலித்ததால், நாற்பதைத் தாண்டுவோமா என்று அஞ்சியவர்கள் பேரன் பேத்தி எடுத்ததால் வந்த சிக்கல் இது. மகிழ வேண்டிய இடத்திலிருந்து பிறந்த கவலை என்பதாலேயே இதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில் இருக்கும் சேவுகம்பட்டியை வைத்தே பேசலாம். இந்தப் பேரூராட்சியில் எச்.ஐ.வி. மற்ற ஊர்களைவிட அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரிய மருத்துவமனை தொலைவில், தெரிந்த முகங்கள் அருகில் என்ற நிலையில் இருக்கும் எந்தச் சிற்றூருக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

இளைப்பே அடையாளமாக இருந்த காலம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் அதை வெளிப்படுத்தின. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சுவர்களிலும் பேருந்துகளிலும் நின்ற புள்ளிராஜா என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தை நடுவயதுத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று மருந்து இருந்தது. வாங்கும் வசதி இல்லை. 2001இல் சிப்லா நிறுவனம் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் மூன்று மருந்துகளைத் தர முன்வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த ஒரு டாலரும் பூப்பறிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு எட்டாத தொகைதான். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கிடைக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் சில மையங்களில் ஒன்று.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த நோயை ஊர் கண்ணால் படித்தது. சட்டை தொளதொளக்கும், கன்னம் ஒட்டும், தொண்டைக் குழி தெரியும். சிகிச்சை வந்த பிறகும் அந்தச் சாபம் முழுதாக நீங்கவில்லை. தொடக்க கால மாத்திரைகளில் இருந்த ஸ்டாவுடின் என்ற மருந்து கன்னத்துக் கொழுப்பையும் கை கால்களின் கொழுப்பையும் கரைத்தது. நோய் அடங்கியிருந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. இந்தியாவிலும் பிறகு அது விலக்கப்பட்டது.

இந்த நினைவை ஒதுக்கிவிட்டு இன்றைய எடைப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள முடியாது. எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவருக்கு உடம்பு தேறுவது என்பது மருத்துவச் செய்தி மட்டுமில்லை. ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க அது ஒரு பாதுகாப்பு.

தினம் ஒரு மாத்திரை, கூடும் கிலோக்கள்

இன்று அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. இந்தியா 2020ஐ ஒட்டி இதற்கு மாறத் தொடங்கியது. கிருமியை விரைவாக அடக்குகிறது. மருந்துக்குக் கிருமி பழகிப்போகும் ஆபத்தும் குறைவு. முன்பு தரப்பட்ட எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் கொடுத்தது. அந்தத் தொல்லையும் பெரிதும் போயிற்று. எச்.ஐ.வி. சிகிச்சையில் இதுவரை வந்த மாத்திரைகளில் இதைச் சிறந்தவற்றுள் ஒன்றென்று தயங்காமல் சொல்லலாம்.

இதோடு எடையும் கூடுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 1,053 பேரிடம் நடந்த ‘அட்வான்ஸ்’ ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. 96 வாரங்களில், பழைய எஃபாவிரென்ஸ் கூட்டு மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.3 கிலோ கூடியது. நம் ஊரில் தரப்படுவதை ஒத்த டொலுடெக்ராவிர் கூட்டு எடுத்தவர்களுக்கு 4.3 கிலோ. டெனோஃபோவிரின் புதிய வடிவத்தோடு டொலுடெக்ராவிர் சேர்ந்தபோது 7.1 கிலோ. மூன்று பிரிவிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதல் ஏற்றம். கேமரூனில் நடந்த இன்னொரு ஆய்விலும் டொலுடெக்ராவிர் பக்கமே எடை அதிகம் ஏறியது.

ஏன் ஏறுகிறது? ஒரு பங்கு, உடம்பு மீள்வதால் வருவது. கிருமி எரித்துக்கொண்டிருந்த சக்தி மிச்சமாகிறது, பசி திரும்புகிறது, வயிற்றுப்போக்கு நிற்கிறது. இன்னொரு பங்கு பழைய மருந்தின் தடை நீங்குவதால் வருவது. எஃபாவிரென்ஸ் சிலருக்கு எடை ஏறாமல் பிடித்துவைத்திருந்தது. நம் மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் வடிவமும் ஓரளவு அப்படித்தான். மீதி டொலுடெக்ராவிரின் சொந்த வேலையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நான்கு கிலோ பெரிய விஷயமா என்று கேட்கலாம். எலும்பும் தோலுமாக வந்தவருக்கு அது வரம். ஏற்கெனவே நல்ல எடையோடு சிகிச்சைக்கு வருபவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. இன்று எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவுடனே, எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருந்தாலும், மருந்து தொடங்கப்படுகிறது. 2017இல் இந்தியா இந்த நடைமுறைக்கு வந்தது. ஆகவே இளைத்துத் துவண்ட பிறகுதான் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருவது என்ற நிலை குறைந்துவருகிறது. அவர்கள் வாழும் ஊரும் எடை கூடிய ஊர்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழகப் பெண்களில் 30.9% பேருக்கு எடை அதிகம். 2019-21இல் அது 40.4% ஆனது. ஆண்களில் 28.2% என்பது 37% ஆனது. எடை ஏறிக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்தின் மேல்தான் மாத்திரையின் கிலோக்களும் சேர்கின்றன.

எடை ஏறினால் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடும். அதோடு இன்னொரு சுமையும் இருக்கிறது. மருந்தால் அடக்கப்பட்ட நிலையிலும் எச்.ஐ.வி. ரத்தக் குழாய்களில் ஒரு மெல்லிய அழற்சியைத் தொடர்ந்து வைத்திருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று உலக அளவிலான ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. பீடியும் புகையிலையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். புகையிலைக்குப் பெயர்போன திண்டுக்கல் சீமையில் இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் யாராவது மாத்திரையை நிறுத்தலாமா என்று எண்ணினால், அவர்களுக்கு ஒரு தகவல். 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களிடம்தான் இறப்பும் இதய நோயும் அதிகமாக இருந்தன. மாத்திரையை நிறுத்துவது இதயத்தைக் காப்பாற்றாது, அதைக் கெடுக்கும். மருந்தை மாற்றினால் எடை தானாக இறங்கிவிடும் என்று நம்பவும் வலுவான சான்று இல்லை.

‘என்ன மதனி, இளச்சுப் போயிட்டீக?’

எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சேவுகம்பட்டி போன்ற ஊரில் அந்த ஒரு வரி எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி.யால் கணவனை இழந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். எதனால் இறந்தார் என்பதை மஞ்சள்காமாலை, டி.பி. என்று ஏதோ ஒன்றைச் சொல்லி மறைத்திருப்பார். இப்போது அவருக்கு உடம்பு பூசினாற்போல இருக்கிறது. அந்தப் பூசினாற்போன்ற உடம்புதான் பழைய சந்தேகத்தைத் துடைத்திருக்கிறது. அவர் ஐந்து கிலோ குறைந்தால், தெருக்குழாயடியில் முதல் கேள்வி ‘என்ன மதனி, இப்படி இளச்சுப் போயிட்டீக?’ என்பதாகத்தான் இருக்கும். கேட்பவர் அக்கறையோடுதான் கேட்பார். கேட்கப்படுபவருக்கு வயிறு கலங்கும்.

இந்த அச்சத்தைக் கணக்கில் எடுக்காத அறிவுரை காதில் ஏறாது. ஆலோசகர்களும் செவிலியர்களும் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். ‘இளைக்கச் சொல்லவில்லை, இடுப்புச் சுற்றளவு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கினால் கேட்பார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மைப் போன்ற ஆசியர்களுக்கான எல்லை. வயிற்றுக் கொழுப்பு குறைந்து தசை வலுவாவதை ஊர் இளைப்பாகப் பார்க்காது.

சாப்பாட்டு ஆலோசனையும் காலத்தோடு மாறியிருக்க வேண்டும். உடம்பு உருகிய காலத்தில் ‘நல்லா சாப்பிடுங்க, தெம்பா இருக்கணும்’ என்று சொன்னது சரி. அதே வாசகம் பழக்கத்தால் இன்னும் சொல்லப்படுகிறது. கேட்டவர் மூன்று வேளையும் சோற்றை ஏற்றுகிறார். காரணம், ரேஷனில் இலவசமாகக் கிடைப்பது அரிசி. பருப்பும் முட்டையும் மீனும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. நிறைய சாப்பிடுவது வேறு, சத்தாகச் சாப்பிடுவது வேறு என்பதை விலையோடு சேர்த்துத்தான் பேச முடியும். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, அவித்த தட்டைப்பயறு, தோட்டத்து முருங்கைக்கீரை என்று கைக்கெட்டியதைச் சொன்னால் ஒருவரால் அதைச் செய்ய முடியும்.

உப்பை ஒரு எளிய கணக்கால் அளக்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 600 கிராம். அந்த 600 கிராமுக்குள்தான் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் கடை மிக்சரும் அடக்கம். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசிக்குள் காலியாகும் வீட்டில் உப்பு கூடுதலாகப் போகிறது என்று பொருள். இந்தக் கணக்கு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டுமானதும் இல்லை; வீட்டில் எல்லாருக்கும் பொது. அதனால் யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வாசல்கள்

சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு அல்லது பட்டிவீரன்பட்டி வழியாகச் செம்பட்டி வந்து, அங்கிருந்து திண்டுக்கல் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். பலர் வேண்டுமென்றே இன்னும் தொலைவான மையத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரிசையில் தெரிந்த முகம் வந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

கரோனா காலத்துக்குப் பிறகு, உடல்நிலை சீராக இருப்பவர்களுக்குப் பல மாதங்களுக்கான மாத்திரையை மொத்தமாகத் தரும் முறை பரவலானது. மனிதாபிமானமுள்ள, வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், மாதம் ஒரு முறை கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்க இருந்த வாய்ப்பும் அதோடு குறைந்தது. வரும் நாளில் கூட்டம் இருந்தால் எடை மட்டும் எழுதி அனுப்பும் சூழலும் உண்டு. எடையையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. குறை நெறிமுறையில் இல்லை. நேரத்தில் இருக்கிறது, ஆள் பற்றாக்குறையில் இருக்கிறது, எழுதிய எண்ணை யார் தொடர்ந்து கவனிப்பது என்ற கேள்வியில் இருக்கிறது.

மறுபக்கத்தில், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது வரை போன நல்ல திட்டம். வாசலுக்கு வருபவர் அதே பகுதியைச் சேர்ந்த தன்னார்வலர். ‘வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்ற கேள்விக்கு எச்.ஐ.வி. உள்ளவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். சிலர் அந்தக் கேள்விக்குப் பயந்தே கதவைத் திறப்பதில்லை.

ஆக, ஒரு வாசலில் எச்.ஐ.வி. தெரியும், ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து கவனிக்க ஆளில்லை. இன்னொரு வாசலில் ரத்த அழுத்தத்துக்கு ஆளிருக்கிறது, எச்.ஐ.வி. தெரியாது, தெரியவும் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் கிராமப்புறத்தில் 17,118 பேரை வீட்டருகே அழைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. மூன்றில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் பகுதி அது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையில் இருந்தார்கள், கிருமியும் அடங்கியிருந்தது. கைவிடப்பட்டுக் கிடந்தவை ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான். எச்.ஐ.வி.க்காக உலகமே சேர்ந்து கட்டிய ஏற்பாடு வேலை செய்தது. மற்ற நோய்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

நம் எண்களும் அதையே சொல்கின்றன. ஏ.ஆர்.டி. எடுத்து, கிருமியின் அளவைச் சோதித்துக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கிருமி அடங்கியிருக்கிறது என்பது இந்திய அளவிலான நிலவரம். தமிழக அரசு 2020இல் நடத்திய தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 33.9% பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3% பேருக்கு மட்டுமே. கடினமான நோயில் நாம் ஜெயித்திருக்கிறோம். சில ரூபாய் மாத்திரையில் அடங்கும் நோயில் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதும்போது

இரண்டு வாசல்களும் ஒன்றையொன்று அறியாததால் வரும் ஆபத்து கற்பனையானதில்லை. டொலுடெக்ராவிர், சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். அதனால் சேர்த்துத் தரும்போது மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரை பற்றித் தெரியாத மருத்துவர் இரண்டு மடங்கு எழுதினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அல்சருக்குக் குடிக்கும் ஆன்டாசிட், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவை டொலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். டொலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை வாங்கும் பெண்களிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வலி மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டு வேலையில் இடுப்பும் முழங்காலும் விட்டுப்போகும். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கி நாள்கணக்கில் விழுங்குவது இந்தப் பக்கத்தில் சகஜம். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும் மருந்து. வலி மாத்திரையும் அதைத் தொடும். கவனிக்காத ரத்த அழுத்தமும் அதைத்தான் தாக்கும். மூன்றும் ஒரே சிறுநீரகத்தின் மேல் விழுகின்றன. வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டாம் கட்டச் சிகிச்சையில் ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் அவர்களுக்குக் கூடுதலாக வேலை செய்யும்; கால் வீங்கும், தலை சுற்றும். கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாட்டின் அவர்களுக்குக் கூடவே கூடாது. முதல் கட்ட டொலுடெக்ராவிர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அம்லோடிபினால் இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலோருக்கு இது நிம்மதியான செய்தி.

இனி செய்ய வேண்டியது

முதல் வேலை ஏ.ஆர்.டி. மையத்தில். எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் அதே ஜன்னலில், அதே மாதக் கணக்குக்கு, ரத்த அழுத்த மாத்திரையும் கிடைக்க வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரையை மூன்று மாதத்துக்குத் தந்து, பிரஷர் மாத்திரைக்கு மட்டும் மாதாமாதம் வேறு வரிசையில் நில் என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். ஏ.ஆர்.டி. மருந்து தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்தும் பிரஷர் மாத்திரை மாநில மருந்துக் கிடங்கிலிருந்தும் வருகின்றன. அது அரசுக்குள் இரண்டு துறைகள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லில் இருக்கிறது. பொது மருத்துவத் துறையின் ஒரு மருத்துவர் வாரம் ஒரு நாள் ஏ.ஆர்.டி. மையத்தில் உட்கார்ந்தால், நோயாளி இன்னொரு கட்டடம் தேடி அலைய வேண்டியதில்லை.

எழுதிய எண்ணை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கிருமியின் அளவு, அதாவது வைரல் லோடு, எவ்வளவு என்று ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் பிரஷர் எண் தெரிவதில்லை. 140/90 என்ற எல்லையை அவர்களும் மனப்பாடம் செய்யட்டும். பஸ் இறங்கி ஓடிவந்தவரை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் கழித்து, கையை மேசைமேல் தாங்கவைத்து இரண்டு முறை பார்க்க வேண்டும். அவசரத்தில் பார்த்த ஒரே எண்ணை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை எழுதக் கூடாது. அதே எண்ணை அலட்சியமாகக் கடந்துவிடவும் கூடாது.

இடைப்பட்ட மாதங்களுக்கு வழி ஊரிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்க எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. முப்பது வயதைத் தாண்டிய எவரும் துணை சுகாதார நிலையத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கி, அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டலாம். மையத்தின் மருத்துவர் அதை வைத்து மருந்தை முடிவு செய்யட்டும். இரண்டு வாசல்களையும் இணைக்கும் சீட்டு நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். கணினிப் பதிவுகளை இணைக்கும் யோசனை வந்தால், அவரவர் சம்மதம் எழுத்தில் வாங்கிய பிறகே செய்ய வேண்டும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. நல்ல நோக்கம் இருக்கிறது என்பதற்காக அந்தச் சுவரில் ஓட்டை போடக் கூடாது.

சோதனை எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். உகாண்டாவிலும் கென்யாவிலும் 32 ஊர்களில் நடந்த ‘சர்ச்’ ஆய்வு இதைச் செய்துகாட்டியது. பாதி ஊர்களில் எச்.ஐ.வி., ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் ஒரே சுகாதாரத் திருவிழாவில் சோதித்து, ஒரே இடத்தில் சிகிச்சையும் தந்தார்கள். மூன்றாம் ஆண்டில் அந்த ஊர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 47% பேருக்கு அது கட்டுக்குள் இருந்தது. மற்ற ஊர்களில் 37%.

சேவுகம்பட்டிக்கு அப்படி ஒரு நாளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டித் தை மாதத்தில் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். வெளியூரில் வேலைக்குப் போனவர்களும் ஊர் திரும்பும் நேரம். பேரூராட்சியும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து அன்று ஒரு பந்தல் போட்டு, வருகிறவர் எல்லாருக்கும் எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சுகர் பார்க்கலாம். விரும்புகிறவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போகும் வழியையும் அங்கேயே சொல்லலாம்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. டொலுடெக்ராவிரோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்ற ஒரு பக்கத் தமிழ் அட்டையை மாவட்ட நிர்வாகம் அச்சிட்டு, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பட்டிவீரன்பட்டிக் கடைகளுக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும் கொடுக்கலாம். நோயாளிக்கும் ஒன்று வேண்டும், அதில் எச்.ஐ.வி. என்ற சொல் இல்லாமல் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் போதும்.

கொழுப்பு மருந்து பற்றிய முடிவும் தள்ளிப்போகக் கூடாது. இந்தியா உள்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த ‘ரிப்ரீவ்’ ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. தினம் ஒரு பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளை 35% குறைத்தது. நாற்பது வயதைக் கடந்தவர்களில் யாருக்கு இப்படி ஒரு மாத்திரை தேவை என்று ஏ.ஆர்.டி. மையங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கடைசியாக, எதை அளக்கிறோமோ அதைத்தான் அரசு நிர்வாகம் கவனிக்கும். ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையமும் கிருமி அடங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்று மேலே அறிக்கை அனுப்புகிறது. அதே தாளில் இன்னொரு கட்டம் வேண்டும்: உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் கட்டுக்குள் இருப்போர் எத்தனை பேர். சிகிச்சையில் இருக்கும் ஒருவர் இறந்தால் காரணம் மாரடைப்பா, பக்கவாதமா, சிறுநீரகமா என்றும் எழுத வேண்டும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒரு சுற்றறிக்கையில் இதைத் தொடங்கிவிடலாம். புதிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. வரும் டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாளுக்கு முன்பே திண்டுக்கல் மாவட்டத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்த்து, மாநிலத்துக்கு முன்னோடியாக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.